ஓர் எழுத்துத்தானே என்பவர்களுக்கு

தமிழில் வெளிவரும் கணினிக் கையேடுகளில் மலிந்து கிடக்கும் எழுத்துப் பிழைகளைப் பற்றி எவரேனும் வாய் திறந்தால் உடனடியாக ஒரு பதில் கிடைக்கும்: “விளங்குதுதானே, பிறகென்ன?” இப்படிச் சொல்பவர்கள் படியாதவர்கள் அல்லர். பட்டம் பெற்றவர்கள், பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள். கையேட்டை எழுதியவரே சிலவேளைகளில் இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறேன்.

எல்லாக் கையேடுகளையும் இங்கு இழுக்கவில்லை. கணினியின் பணிசெயல் முறைமையில் வலையமைப்பை எவ்வாறு அமைப்பது, கணினிகளை ஒன்றோடொன்று எவ்வாறு இணைப்பது என்று விளக்கும் ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘விளங்கினால் போதும்’ என்ற வாதம் ஓரளவுக்கேனும் எடுபடக்கூடிய துறைகள் உண்டு. வலையமைப்பு அவற்றுள் ஒன்றன்று.

பத்திரிகையில் எழுத்துப் பிழை வராதா என்று கேட்பீர்கள். வரும். ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்திலும் ஒப்புநோக்குநர் என்று ஒருவர் இருந்ததும், அவருடைய சிவப்புப் பேனாவுக்கு ஆசிரியரே அஞ்சியதும் அதனால்தான். ஆயினும் பத்திரிகை வாசகருக்கும் கையேட்டு வாசகருக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. ‘மழை’ என்று வரவேண்டிய இடத்தில் ‘மலை பெய்தது’ என்று அச்சாகிவிட்டால் வாசகர் சிரிப்பார். தம் மனத்துக்குள்ளேயே திருத்திக்கொண்டு மேலே வாசிப்பார். மழை பற்றி அவருக்கு முன்பே தெரியும். வலையமைப்புக் கையேட்டைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு வலையமைப்பைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாததனால்தான் அதை எடுத்திருக்கிறது. எதை வைத்துத் திருத்தும்?

அதற்கு மேல், கையேட்டுக்கு இரண்டாவது வாசகரும் உண்டு. அது இயந்திரம். பிள்ளை வாசித்துத் தட்டச்சிடுவதை இயந்திரம் வாசிக்கிறது. இயந்திரம் சிரிப்பதுமில்லை, மனத்துக்குள் திருத்திக்கொள்வதுமில்லை.

வலையமைப்பு ஆவணங்களில் வரும் பிழைகளை நான் மூன்றாக வகுப்பேன். முதலாவது, விளக்கவுரையில் உள்ள சொற்பிழை. வாசகரைத் தடக்கி விழுத்தும், எழுந்து நடக்கலாம். இரண்டாவது, கட்டளைகளின் பெயரிலும் அளபுருக்களின் பெயரிலும் வரும் பிழை. இயந்திரம் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று மறுத்துவிடும். மூன்றாவது, எண்ணிலும் குறியீட்டிலும் வரும் பிழை. இதுவே கொடியது. ஏனென்றால் பல நேரங்களில் இயந்திரம் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, சொல்லப்பட்ட தவற்றை அச்சொட்டாகச் செய்யும்.

இரண்டாவது வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. கணினியின் வலையமைப்பு முகவரியை அறிய விண்டோஸில் ‘ஐபிகொன்பிக்’ என்று ஒரு கட்டளை உண்டு. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் நெடுங்காலம் வழங்கிவந்த கட்டளை ‘ஐஎஃப்கொன்பிக்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இடையே வேறுபாடு இரண்டாம் எழுத்து ஒன்று மட்டுமே. முன்னையதில் ‘பி’, பின்னையதில் ‘எஃப்’. லினக்ஸ் பற்றிய பாடத்தில் முன்னையதை அச்சிட்டுவிட்டால் மாணவன் எத்தனை தடவை தட்டினாலும் ‘கட்டளை இல்லை’ என்ற மறுமொழிதான் வரும். இனி, விடயம் அறியாத ஒருவர் ஒப்புநோக்க வந்து, ‘ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்களே’ என்று எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டாலும் அதே கதைதான். திருத்தாமல் விடுவதும் பிழை. அறியாமல் திருத்துவதும் பிழை.

மூன்றாவது வகைக்கு எடுத்துக்காட்டாக நான் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் கிளிநொச்சியில் இளைஞர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில் தமிழ்க் கையேடு ஒன்று வழங்கப்பட்டது. நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கு தேவையில்லை. பிரதியின் பிரதி, அதன் பிரதி என்று மங்கிப்போன தாள்கள். ஆய்வுகூடத்தில் நாற்பது கணினிகள். அவற்றுக்கு 192.168.1.101 முதல் 192.168.1.140 வரை முகவரி. வெளியுலகுக்கான நுழைவாயில் 192.168.1.1. இந்த முகவரிகளுக்குப் பின்னால் சாய்கோடிட்டு 24 என்ற எண் வரவேண்டும். தாளில் 25 என்று இருந்தது.

‘ஒன்றுதானே கூட’ என்பீர்கள். அந்த எண், முகவரியின் எத்தனை இருமக் கூறுகள் வலையமைப்பைக் குறிக்கின்றன என்பதைச் சொல்வது. 24 என்றால் 256 முகவரிகள் ஒரே வலையமைப்புக்குள் அடங்கும். 25 என்றால் அது நடுவே பிளந்து, 128 வீதம் இரண்டு வலையமைப்புகள் ஆகிவிடும். 0 முதல் 127 வரை ஒரு வீடு. 128 முதல் 255 வரை மற்ற வீடு. ஆகவே முன்வரிசைக் கணினிகளுக்கு இணையம் கிடைத்தது. 126க்கு மேற்பட்ட எண்களைப் பெற்ற பின்வரிசைக் கணினிகளுக்குக் கிடைக்கவில்லை. முகவரியை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. நுழைவாயில் மட்டும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. பின்வரிசையில் இருந்த ஒரு பையன் ஆசிரியரிடம் சொன்னானாம்: “சேர், எனக்கு இந்தப் பாடம் சரிவராது போல.”

என்னைச் சுட்டது அந்த ஒரு வசனம்தான். பிழை தாளில் இருந்தது. பையனோ அது தன்னுடைய மூளையில் இருப்பதாக நினைத்தான். முன்வரிசைக்கு வேலை செய்கிறது, தனக்குச் செய்யவில்லை என்றால் வேறு எதைத்தான் நினைப்பான்? அச்சிட்ட தாள் பொய் சொல்லும் என்று அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ‘ஓர் எழுத்துத்தானே’ என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருபோதும் போட்டுப் பார்ப்பதில்லை.

கொழும்பில் உள்ள மாணவன் இத்தகைய தாளைத் தூக்கி எறிந்துவிட்டு ஆங்கில நூலைப் பார்ப்பான். அல்லது தெரிந்த ஒருவரைக் கேட்பான். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ உள்ள பிள்ளைக்கு எத்தனை வழி உண்டு? வன்னிப் பிள்ளைகள் க.பொ.த. உயர்தரம் வரையில் தமிழில்தான் படிக்கிறார்கள். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்திட்டத்தில் தரவுத் தொடர்பாடலும் வலையமைப்பும் ஓர் அலகாகவே இருக்கின்றன. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. வாசலுக்கே பல்கலைக்கழகம் வந்துவிட்டது என்று மகிழ்கிறோம். உள்ளே பொறியியலும் கணினியும் ஆங்கிலத்தில். அதுவரைக்கும் ஏறிச் செல்லும் ஏணி தமிழ். அந்த ஏணியின் படிகளில் உளுத்தது எது, உறுதியானது எது என்று பார்த்துவைப்பதைச் சில்லறை வேலை என்கிறார்கள்.

இனி முதலாவது வகைக்கு, அதாவது சொற்பிழைக்கு வருகிறேன். தடக்கினாலும் எழுந்து நடக்கலாம் என்றேன். தமிழில் அதுவும் எப்போதும் உண்மையன்று. ண, ந, ன, ல, ள, ழ, ர, ற ஆகியவற்றுள் ஒன்றுக்கு மற்றொன்றை இட்டால் பெரும்பாலும் கிடைப்பது வெறும் பிழை அன்று, வேறொரு சொல். வலையமைப்பில் ‘துறை’ என்பது ஒரு கலைச்சொல். தரவுகள் வந்து சேரும் இலக்கமிட்ட வாசலைக் குறிப்பது. ‘துரை’ என்று எழுதினால் வெள்ளைக்காரத் தோட்டத்துரை வந்து நிற்பார். ‘மென்பொருளைப் பொருத்துக’ என்றால் நிறுவு என்று பொருள். ‘பொறுத்துக’ என்றால் பொறுமையாக இரு என்று பொருள். சில கணினிகளுக்கு அதுவும் பொருந்தும் என்பது வேறு கதை! ‘பணிசெயல் முறைமை’ பனிசெயல் முறைமை ஆகும்போது ஊர் குளிர்ந்துவிடுகிறது. தரவை அனுப்புபவர் ‘அனுப்புநர்’, பெறுபவர் ‘பெறுநர்’. இரண்டிலும் வருவது தந்நகரம். வலையமைப்புப் பாடத்தின் முதற் பக்கத்திலேயே வரும் இந்த இரு சொற்களையும் றன்னகரமிட்டு எழுதாத கையேட்டை விரல்விட்டு எண்ணலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பொருளைப் பற்றி நூல் எழுதப்பட்டதோ அதன் பெயரையே ‘கணிணி’ என்று அட்டையில் பொறித்து வெளியிடும் துணிவு நம்மவர்க்கே உரியது.

பேருந்து இருக்கையொன்றில் கர்ப்பிணித் தாய்மார் நாய்மார் ஆனபோது நாம் கொதித்தோம். அரச பெயர்ப்பலகைகளில் தமிழ் சிதைவதைக் கண்டு தலையங்கம் எழுதினோம். கொதித்தது நியாயமே. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்ட நாட்டில் அது அவமதிப்புத்தான். ஆனால் சிங்களம் மட்டும் தெரிந்த ஒருவர் எழுத்தைப் பார்த்துக் கீறி வைத்த பலகைக்கு இவ்வளவு கொதிக்கும் நாம், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்காக எழுதிய தாளில் அதே சிதைவைக் காணும்போது ஏன் ‘விளங்குதுதானே’ என்கிறோம்?

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் உண்டு. பத்திரிகைக்காரனுக்கு இது நன்கு விளங்கும். பழைய அச்சில் ரகரம் புள்ளியோ விசிறியோ பெறும்போது அதன் அடிக்கோடு மறைந்து, அரவைப் போலவே தோன்றும். பாமினி போன்ற எழுத்துருக்களில் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்று அடித்துப் பழகிய கைகள், யுனிக்கோட் வந்த பிறகும் ரகரத்துக்குப் பதிலாக அரவை அடிக்கின்றன. ‘முகவரி’ என்பது ‘முகவாி’ ஆகிறது. ‘தொடர்பு’ என்பது ‘தொடா்பு’ ஆகிறது. ‘வெளியீடு’ என்பதில் கொம்பும் ளகரமும் வரவேண்டிய இடத்தில் ஔகாரக் குறியைப் போட்டு ‘வௌியீடு’ ஆக்குகிறார்கள். தாளில் அச்சிட்டால் வேறுபாடு தெரியாமலும் போகலாம். ஆனால் கணினிக்கு இவை வெவ்வேறு எழுத்துகள். முந்நூறு பக்க ஆவணத்தில் ‘முகவரி’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆவணத்தில் அது நூறு இடங்களில் இருக்கும், இருந்தும் இல்லை. முகவரி, தொடர்பு, வெளியீடு... வலையமைப்புப் பாடத்தின் உயிர்ச்சொற்கள் இவைதாமே?

இதோடு நிற்கவில்லை. ‘.இலங்கை’ என்று முடியும் தமிழ் இணையப் பெயர்களுக்கு 2010இலேயே வழி திறந்துவிட்டது. அத்தகைய பெயரில் ஓர் எழுத்துக்குப் பதிலாக அதைப் போலத் தோன்றும் இன்னோர் எழுத்து இருந்தால் இயந்திரம் வேறிடத்துக்குப் போகும். அல்லது எங்கும் போகாது. எழுத்துப் பிழை இங்கு முகவரிப் பிழையாகவே ஆகிவிடுகிறது. கட்டளைகளைச் சொல்லொழுங்கு மென்பொருளில் தட்டச்சிட்டு அச்சிடுவோர் செய்யும் தீங்கும் இத்தகையதே. அடுத்தடுத்து இட்ட இரு சிறுகோடுகளை அந்த மென்பொருள் தானாகவே ஒரு நீள்கோடாக மாற்றிவிடும். நேர் மேற்கோட்குறியை வளைந்த குறியாக்கிவிடும். பார்வைக்கு அழகு. அதை அப்படியே படியெடுத்து ஒட்டினால் கட்டளை செத்துவிடும்.

பிழையை உரிய காலத்தில் திருத்தாவிட்டால் என்னவாகும் என்பதற்கு உலகக் கணினி வரலாற்றிலேயே சான்று உண்டு. இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது, எங்கிருந்து வந்தோம் என்பதை உலாவி சேவையகத்துக்குத் தெரிவிக்கும் ஒரு தலைப்பு உண்டு. ‘ரெஃபரர்’ என்று பெயர். ஆங்கிலத்தில் நடுவே ‘ஆர்’ என்ற எழுத்து இரட்டிக்க வேண்டும். முன்மொழிந்தவர் ஒன்றை விட்டுவிட்டார். 1996 மே மாதம் வெளியான நடப்பொழுங்கு ஆவணத்தில் அது அப்படியே ஏறிவிட்டது. அதற்குள் மென்பொருள்கள் அந்தப் பிழையை நம்பி எழுதப்பட்டுவிட்டன. இனித் திருத்தினால் இருப்பது முறிந்துவிடும். ஆகவே இன்றளவும் உலகத்தின் ஒவ்வோர் உலாவியும் அந்தப் பிழையைச் சுமக்கிறது. பின்னாளில் அதனோடு தொடர்புடைய கொள்கைத் தலைப்பொன்றை உருவாக்கியவர்கள் சரியான எழுத்துக்கூட்டலில் பெயரிட்டார்கள். விளைவு, ஒரே உலாவிக்குள் ஒரே சொல் ஒரு தலைப்பில் பிழையாகவும் மற்றொன்றில் சரியாகவும் வாழ்கிறது. யுனிக்ஸிலும் ஒரு கதை உண்டு. கோப்பை உருவாக்கும் ‘கிரியேட்’ என்ற அழைப்பின் ஆங்கிலப் பெயரில் ஈற்றெழுத்து இல்லை. யுனிக்ஸை மறுபடி படைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று கென் தொம்சனிடம் கேட்டபோது, அந்த எழுத்தைச் சேர்ப்பேன் என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள். நகைச்சுவைதான். ஆனால் அரை நூற்றாண்டு கடந்தும் அந்த எழுத்து சேரவில்லை.

இவற்றிலிருந்து அந்த உலகம் பாடம் கற்றுக்கொண்டது. இணைய நடப்பொழுங்குகளை வரையறுக்கும் ஆவண வரிசை 1969 ஏப்ரலில் தொடங்கியது. ஒருமுறை வெளியானபின் அந்த ஆவணத்தை மாற்றுவதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பிழைதிருத்தப் பட்டியல் பேணப்படுகிறது. எவரும் பிழையைச் சுட்டலாம், ஆராய்ந்து ஏற்பார்கள் அல்லது மறுப்பார்கள், இரண்டும் பதிவாகும். லினக்ஸ் கருவின் மூலநிரலோடு, அடிக்கடி நேரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கில எழுத்துப் பிழைகளையும் அவற்றின் திருத்தங்களையும் தொகுத்த கோப்பு ஒன்று வருகிறது. புதிய திருத்தம் ஒன்றை அனுப்புமுன் சோதிக்கும் கருவி அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு எச்சரிக்கும். உலகின் சேவையகங்களில் பெரும்பங்கை இயக்கும் மென்பொருளை எழுதுபவர்களுக்கு வேலை இல்லாமலா இதைத் தொகுத்தார்கள்? ‘விளங்குதுதானே’ என்று சொல்ல அவர்களுக்குத் தெரியாதா?

எதிர்த்தரப்பில் நியாயமான ஒரு வாதம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. சிறு திருத்தம் என்ற பெயரில் குப்பையைக் கொட்டுவோரும் இருக்கிறார்கள். 2020 ஒக்டோபரில் டிஜிட்டல் ஓசன் நிறுவனம் நடத்திய ‘ஹக்டோபர்ஃபெஸ்ட்’ நிகழ்வில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்களை அனுப்பினால் ரீசேட் ஒன்று இலவசம் என்றிருந்தது. ரீசேட்டுக்காக ஆவணங்களில் தேவையற்ற சொற்களைச் செருகி, அதைத் திருத்தம் என்று அனுப்பியவர்களின் பெருவெள்ளத்தில் பராமரிப்பாளர்கள் திணறினார்கள். விரும்பிச் சேர்ந்த திட்டங்களுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று விதியை அந்த மாதமே மாற்ற வேண்டியதாயிற்று. ஆக, எழுத்துத் திருத்துவோர் எல்லோரும் தொண்டர்கள் அல்லர். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கள்ள வைத்தியன் இருக்கிறான் என்பதற்காக மருந்தே வேண்டாம் என்பாருண்டோ? வெறும் எண்ணிக்கைக்காகச் செய்யும் திருத்தத்தையும், வாசித்து, செய்து பார்த்து, வழுவைக் கண்டு செய்யும் திருத்தத்தையும் பிரித்தறிவது கடினமன்று. முன்னது ஆவணத்தைப் பார்க்கிறது. பின்னது அதை வாசிக்கப் போகிறவரைப் பார்க்கிறது.

நம்மிடையே இன்னொரு தொல்லையும் உண்டு. வழுவைத் திருத்த வந்தவர்கள் வழக்கைத் திருத்திவிடுவது. கட்டற்ற மென்பொருள்களின் தமிழாக்கம் பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. கடல் கடந்தும் கரை கடந்தும் பலர் சேர்ந்து செய்வது. அங்கே இலங்கைக் கலைச்சொல் ஒன்றைக் கண்டவுடன் ‘எழுத்துப் பிழை’ என்று மாற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். நாம் வலையமைப்பு என்கிறோம். தமிழகத்தில் பிணையம் என்றும் வலைப்பின்னல் என்றும் வழங்குவர். நாம் பணிசெயல் முறைமை என்பதை அவர்கள் இயங்குதளம் அல்லது இயக்க முறைமை என்பர். நமது நடப்பொழுங்கு அவர்களுக்கு நெறிமுறை. நமது சேவையகம் அவர்களுக்கு வழங்கி. தீச்சுவர் அவர்களுக்குத் தீயரண். நம் பாடநூல் ‘தொழினுட்பம்’ என்று புணர்த்தி எழுதும். அங்கே ‘தொழில்நுட்பம்’ என்று பிரித்து எழுதுவர். இவற்றுள் எதுவும் பிழையன்று. இலங்கைச் சொல்லை அழித்துத் தமிழகச் சொல்லை இடுவதும், நம்மவர் சிலர் வீம்புக்கு அதையே திருப்பிச் செய்வதும் திருத்தம் ஆகா. பரீட்சையில் ‘நடப்பொழுங்கு’ என்று வினா வரும்போது, ‘நெறிமுறை’ என்று மட்டுமே படித்த முல்லைத்தீவு மாணவி என்ன செய்வாள்?

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பிக்குமுன் ஏடு தேடி அலைந்தவர். ஏட்டுக்கு ஏடு வேறுபடும்போது, எழுதியவன் கைத்தவறு எது, பாடபேதம் எது என்று பிரித்துப் பார்ப்பதே பதிப்பாசிரியரின் தொழில். கைத்தவறு திருத்தப்படும்; பாடபேதம் குறித்துவைக்கப்படும். இன்று மென்பொருளாளர் பயன்படுத்தும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்வதும் ஏறத்தாழ இதையே. யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பதைப் பழைய வரியோடும் புதிய வரியோடும் வைத்துக் காட்டுகின்றன.

‘தமிழில் எதற்கு இந்தப் பாடு? ஆங்கிலத்திலேயே படிக்கட்டுமே’ என்று கடைசியாக ஒரு வாதம் வரும். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக வெளியிட்டார். அதற்காகக் கலைச்சொற்களைத் தொகுத்தார். அந்நியர் ஒருவர் அக்காலத்தில் செய்ததை இன்று நம்மால் செய்ய முடியாது என்பது வெட்கம். வன்னியும் சொல்லாக்கத்துக்குப் புதிய மண்ணன்று. பேக்கரியை வெதுப்பகம் என்று பெயர்ப்பலகையில் எழுதிப் பாண் வாங்கிய மக்கள் நாம். ஒரு சொல்லைச் சரியாக எழுதிப் பொதுவில் வைத்தால் சனம் அதை எடுத்துக்கொள்ளும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லினக்ஸ் கருவின் ஆவணங்கள் சீனத்திலும் ஜப்பானியத்திலும் கொரியத்திலும் இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் பெயர்க்கப்பட்டு அதே மூலநிரலோடு வைக்கப்பட்டுள்ளன. அந்தப் பெயர்ப்புகளைச் செய்தவர்கள் ஆங்கிலம் அறியாதவர்களா? தம் பின்னால் வருபவர்களை எண்ணிச் செய்தார்கள். அந்த வரிசையில் தமிழ் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று எந்திரங்கள் இணையத்தில் கிடக்கும் தமிழை வாசித்தே தமிழ் கற்கின்றன. நாம் இட்ட பிழையை அவை நமக்கே திருப்பித் தரும். அதுவும் பிசிறில்லாத நடையில், ஐயத்துக்கு இடமில்லாத தொனியில். முன்பெல்லாம் ஒரு பிழையான தாள் நாற்பது பிள்ளைகளைத்தான் குழப்பியது.

ஆகவே, தமிழில் தொழினுட்ப ஆவணம் வெளியிடும் திணைக்களங்களிடமும் நிறுவனங்களிடமும் தன்னார்வலர்களிடமும் சில கோரிக்கைகள். ஒவ்வொரு கையேட்டிலும் பதிப்புத் திகதியும், பிழையைத் தெரிவிப்பதற்கான முகவரியும் இருக்கட்டும். வந்த திருத்தங்களின் பட்டியல் எவரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். ஆவணம் யுனிக்கோட்டில் இருக்கட்டும். பாமினியில் அடித்துப் படமாக்கிய கோப்பைத் தேடவும் முடியாது, திருத்தவும் முடியாது. அச்சுக்குப் போகுமுன் இருவர் வாசிக்கட்டும். ஒருவர் தமிழ் அறிந்தவர். மற்றவர் கணினியின் முன்னால் அமர்ந்து ஒவ்வொரு கட்டளையையும், ஒவ்வோர் எண்ணையும் தட்டிப் பார்ப்பவர். முன்னவர் ‘துரை’யைப் பிடிப்பார்; 25ஐப் பின்னவர்தான் பிடிப்பார். இலங்கை வழக்கும் தமிழக வழக்கும் அருகருகே தரப்பட்ட கலைச்சொற்பட்டியல் ஒன்று ஒவ்வொரு கையேட்டின் ஈற்றிலும் வரட்டும்.

வாசிப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிழையைக் கண்டால் முகநூலில் படம்பிடித்துப் போட்டுச் சிரிப்பதோடு விட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம், எந்த வரி, எது வரவேண்டும் என்று மூன்று வரியில் எழுதி, அதை ஆக்கியவர்களுக்கு அனுப்புங்கள். கட்டற்ற மென்பொருள் என்றால் நீங்களே திருத்தி அனுப்பலாம். உங்கள் பெயரோடு அது பதிவாகும். அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட இலகுவான நுழைவாயில் வேறில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டாலே போதும்.

அதைச் செய்யும்போது எவராவது வந்து “ஓர் எழுத்துத்தானே?” என்று கேட்டால், ஓம், ஓர் எழுத்துத்தான் என்று சொல்லுங்கள். திருத்துவதற்கு அரை நிமிடமும் ஆகாது என்றும் சொல்லுங்கள். பின்னர் அந்த அரை நிமிடத்தைக்கூடச் செலவிடாமல் ஒரு பிள்ளையைத் ‘தனக்கு மூளை இல்லை’ என்று நம்ப வைத்தது யார் என்று கேளுங்கள்.